பத்துக்குப் பத்து வாங்கிய சிவப்பு வண்டி

அத்தியாயம் 17

மதிப்பெண் பெட்டியைத் திறந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அண்ணன் சீட்டைப் பிரித்து உரக்கப் படித்தான். சிவப்பு வண்டியின் என்ஜின் சத்தத்துக்கு அப்பா பத்துக்குப் பத்து போட்டிருந்தார். இருபத்தெட்டு வருடமாக யாருக்கும் கொடுக்காத பத்து அது. ஒன்பதுக்கு மேல் அவர் பேனா ஏறியதாக எனக்கு நினைவே இல்லை.

இந்த வாரம் புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக நாலு வார்த்தை. எங்கள் வீட்டு மாடியில் குடித்தனம், கீழே பத்திரிகை ஆபீஸ். கார்களை ஓட்டிப் பார்த்து உள்ளதை உள்ளபடி எழுதுகிற மாதப் பத்திரிகை. அப்பாதான் ஆசிரியர். வாசகர்கள் அவருக்கு ‘காது’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, எந்த சிலிண்டர் சோம்பேறி என்று சொல்லிவிடுவார். அண்ணன் பதிப்பாளன். தங்கை பிழை திருத்துகிறவள். கல்யாணமாகிப் போன பிறகும் பக்கம் முடிக்கிற நாளில் தவறாமல் வந்துவிடுவாள்.

நான் ஓட்டுகிறவள். வயது நாற்பத்தொன்று. ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதை மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லித் தீர்த்துவிட்டேன், மறுபடி கேட்டுக் கடிதம் போடாதீர்கள்.

மதிப்பெண் போடுவதில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே, இருக்கையில் உட்கார்ந்தபடி சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பூட்டிய பெட்டியில் போட்டுவிட வேண்டும். இறங்கி நாலடி நடந்தால் தாட்சண்யம் வந்துவிடும் என்பது அப்பா கட்சி. பெட்டிக்குள் போனதை அப்புறம் யாரும் தொடக்கூடாது. சத்தத்துக்கு அவர் போடுவார், வேகத்துக்கும் ஓட்டுகிற சந்தோஷத்துக்கும் நான் போடுவேன்.

இந்த மாதம் மூன்று வண்டிகள். மூன்றும் நாலு கதவு வைத்த குடும்ப வண்டிகள்தான். ஆனாலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்ட கையோடு கொஞ்சம் விரட்டிப் பார்க்கலாம் என்கிற ஆசையை உள்ளே வைத்துக் கட்டியவை.

சாம்பல் வண்டி பெரிய என்ஜின், பெரிய மனுஷத் தோரணை. எவ்வளவு மிதித்தாலும் குரலை உயர்த்தாது, நூற்றைம்பதில் போகும்போதும் உள்ளே சாவகாசமாகப் பேசிக்கொண்டு வரலாம். ஆனால் வளைவில் திருப்பினால் இரண்டு தரம் யோசித்துத்தான் திரும்பும். வெள்ளை வண்டியில் இருப்பது மூன்றிலும் சின்ன என்ஜின். நேர்ச் சாலையில் மற்ற இரண்டும் அதை விட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் சாலையில் கிடக்கிற பொடிக்கல் கூட உள்ளங்கைக்குத் தெரியும். கியரைக் குறைத்து மிதித்தால் கரகரவென்று ஒரு குரல் வரும். அழகான குரல் என்று சொல்ல மாட்டேன், அதனுடைய சொந்தக் குரல். சந்தோஷத்துக்கு நான் பத்து போட்டது அதற்குத்தான்.

சிவப்புதான் மூன்றிலும் வேகம். குரலோ கேட்கவே வேண்டாம். மிதித்த மாத்திரத்தில் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிற கர்ஜனை. அப்பா கண்ணை மூடியவர் ஆறு கிலோமீட்டருக்குத் திறக்கவே இல்லை. கூட்டிப் பார்த்தால் சிவப்பு இருபத்தாறு, வெள்ளை இருபத்தைந்து, சாம்பல் இருபத்திரண்டு. ஒரே ஒரு மார்க்கில் சிவப்பு முதல் இடம். அந்த ஒரு மார்க் அப்பாவின் பத்திலிருந்து வந்தது.

அந்த வண்டியை விற்கிறவர் எங்கள் வீட்டு மாப்பிள்ளை, தங்கையின் கணவர். இருக்கிற கடை போதாமல், நாளைக்கு அவருடைய புதுக் கடை திறப்பு.

*

இன்று காலை ஏழரை மணிக்கு சிவப்பு வண்டியை எடுத்துக்கொண்டு மலைப்பாதைக்குப் போனேன். மார்க் எல்லாம் முடிந்துவிட்டது, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்கிற ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அதை நிரப்பிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேகமாகப் போகவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் முன்னால் ஒரு செங்கல் லாரி. நடந்து போகிறவன் முந்திவிடுவான், அப்படி ஒரு வேகம். சாலை முன்னூறு மீட்டருக்கு நேராகத் தெரிந்தது, எதிரே ஆள் இல்லை. வெளியே எடுத்து மிதித்தேன்.

சத்தம் பிரமாதமாக எழுந்தது. வண்டி எழவில்லை.

என் காது ‘போயாச்சு, போயாச்சு’ என்கிறது. கண்ணுக்குப் பக்கவாட்டில் லாரியின் பின் சக்கரம் அதே இடத்தில் நிற்கிறது. என்ஜின் சுற்றைக் காட்டுகிற முள்ளைப் பார்த்தேன், நாலாயிரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்கிற கூச்சலோ ஏழாயிரத்துக் கூச்சல். அதற்குள் மேல் வளைவிலிருந்து ஒரு வேன் இறங்கி வந்துவிட்டது. பிரேக்கை அமுக்கி லாரிக்குப் பின்னால் பதுங்கினேன். வேன் ஓட்டுகிறவர் போகிற போக்கில் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். அவர் மேல் தப்பில்லை.

பத்தொன்பது வருடமாக ஓட்டுகிறேன். முந்துவதற்கு எவ்வளவு தூரம் வேண்டும் என்று எனக்குச் சொல்வது கண் மட்டும் இல்லை, காதும்தான். என்ஜின் திணறினால் அதன் குரலிலேயே தெரியும், காலை எடுத்துவிடுவேன். இந்த வண்டியின் குரல் என்னைப் ‘போ போ’ என்று தள்ளிவிட்டது.

ஓரமாக நிறுத்தி நிதானமாக யோசித்தேன். காலையிலேயே நல்ல வெயில், செங்குத்தான ஏற்றம், உள்ளே ஏசி. சூடேறியதும் என்ஜின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பலத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. அது ஒரு குற்றமே இல்லை. ஆனால் சத்தம் ஏன் குறையவில்லை? ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டி நின்றபடியே மிதித்தேன். கர்ஜனை என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. வெளியிலிருந்து வந்தது வேறு ஏதோ ஒரு மெல்லிய முனகல்.

கையேட்டைப் புரட்டி ஃபியூஸ் பெட்டியைத் தேடினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்காலுக்கு நேராக இருந்தது. பாட்டுப் பெட்டிக்கான ஃபியூஸ் எது என்று படம் போட்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு மறுபடி மிதித்தேன்.

தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கிய கர்ஜனை முழுக்க ஸ்பீக்கரிலிருந்து வந்திருக்கிறது. கால் எவ்வளவு அழுந்துகிறதோ அவ்வளவு கத்தும்படி செய்து வைத்திருக்கிறார்கள். என்ஜினுக்கு மூச்சு வாங்கினால் அதற்கென்ன கவலை.

இந்தச் சத்தம் எப்படி அப்பாவை ஏமாற்றியது? அங்கேயே சாலையோரக் கல்லில் உட்கார்ந்து அதையும் யோசித்தேன். இருபத்தெட்டு வருடமாக அவர் ஒரே முறையில்தான் கேட்கிறார். நாலு கண்ணாடியையும் ஏற்றிவிடச் சொல்வார். காற்றும் டயரும் குறுக்கே பேசக்கூடாது, என்ஜின் மட்டும் பேச வேண்டும். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் கண்ணாடியை இறக்கிக் கேட்பார்கள், இவர் ஒருத்தர்தான் ஏற்றிக் கேட்பார். இறக்கியிருந்தால் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். காதை நம்பிப் பிழைக்கிற மனிதரின் காதிலேயே பூச்சுற்றிவிட்டார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

*

வீட்டுக்கு வந்தபோது மணி பத்தரை. அப்பா மேஜையில் உட்கார்ந்து, அந்தப் பத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம்கூட நான் தயங்கவில்லை என்று எழுதினால் அது பொய். வாசலில் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் கொஞ்ச நேரம் நின்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபியூஸை அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

அண்ணன்தான் முதலில் குதித்தான். நேற்று ராத்திரியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு மார்க்கைச் சொல்லிவிட்டானாம். அவர் விடிவதற்குள் இருபதடி பேனர் அடித்துவிட்டாராம். அப்பாவின் படம், பக்கத்தில் சிவப்பு வண்டி, கீழே பத்துக்குப் பத்து. நாளைக் காலை அது கடை வாசலில் ஏறுகிறது. பக்கம் அச்சகத்துக்குப் போவதற்கு முன்பே மார்க்கை வெளியே சொன்ன அண்ணனை என்ன செய்யலாம்? நான் கத்தினேன். என் தொண்டையிலும் யாரோ ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்களா என்று கேட்டான். அவனுக்கு நகைச்சுவை எப்போதும் நேரம் கெட்ட நேரத்தில்தான் வரும்.

அப்பா பேனாவை மூடினார்.

“பெட்டியில போட்டதை மாத்தறதில்ல. அது நம்ம சட்டம்.”

“சட்டம் நமக்குத்தானேப்பா. படிக்கிறவன் என்ன பாவம் பண்ணான்?”

“நான் கேட்டேன். கேட்டதை எழுதினேன். நான் கேட்டது பொய்யா?”

அவர் கேட்டது பொய்யில்லை. அவர் காதில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லி ஆறுதல் படுத்தலாம். ஆனால் எனக்கு அப்போது ஆறுதல் சொல்கிற மனநிலை இல்லை. ‘ரோட்டுக்கு வாங்க, வெளியே நின்னு கேளுங்க’ என்று மட்டும் சொன்னேன். வர மாட்டேன் என்றார். வராவிட்டால் மூன்று வண்டியையும் ஆபீஸ் ஜன்னலுக்கு நேரே கொண்டுவந்து சாயங்காலம் வரை உறுமவிடுவேன் என்றேன். நான் செய்யக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்குப் பின்னால் கிடங்குச் சுவரை ஒட்டி ஒரு நேர்ச் சாலை. மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே ஈ காக்கை இருக்காது. அதற்குள் தங்கையும் வந்துவிட்டாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பிழை பார்க்க வேண்டிய பக்கங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலில் வெள்ளையை விரட்டினேன். பிறகு சாம்பல். இரண்டும் உள்ளே எப்படிப் பேசுகின்றனவோ வெளியேயும் அப்படியேதான் பேசும். பிறகு ஃபியூஸைத் திரும்பப் பொருத்தி, சிவப்பை எடுத்தேன். எனக்கு உள்ளே கர்ஜனை. கண்ணாடி வழியே அப்பாவைப் பார்த்தபடி கடந்தேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். இன்னொரு தரம் என்று கையைக் காட்டினார். மறுபடி போனேன். மூன்றாவது தரம் கேட்டார், அதையும் ஓட்டினேன்.

அப்புறம் நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் வந்து, வண்டியின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“டயர் சத்தம்தாம்மா கேக்குது,” என்றார்.

ஜெயித்துவிட்டோம் என்று துள்ள வேண்டிய இடம். எனக்குத் துள்ளத் தோன்றவில்லை. அறுபத்தெட்டு வயதில் நடுரோட்டில் நிற்க வைத்து ஒரு மனிதரை இப்படிச் செய்திருக்க வேண்டுமா என்று நினைத்தேன். செய்யாமல் விட்டிருக்கவும் என்னால் முடியாது. மலையில் என்ன நடந்தது என்று தங்கை கேட்டாள். எந்த வளைவு, எத்தனை மணி, லாரிக்கும் வேனுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

*

நாலு மணிக்கு மாப்பிள்ளை வந்தார். அண்ணன் வரவழைத்திருக்கிறான். அழகாகத்தான் பேசினார், அவர் எப்போதுமே அழகாகப் பேசுகிறவர். அதனால்தான் தினம் நாலு வண்டி விற்கிறார்.

“அக்கா, வாங்கறவங்க உள்ளேதான் உக்காரப் போறாங்க. வெளியே நின்னு யாரு கேக்கப் போறா? உள்ளே உக்காந்தா மனசுக்குச் சந்தோஷமா இருக்கு. மாமாவுக்கே இருந்துச்சு. அந்தச் சந்தோஷம் எங்கேர்ந்து வந்தா என்ன?”

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரத்தனமான கேள்வி. வழி முழுக்க நானும் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். மூன்று நாளாக அந்தச் சத்தத்தில் நானும் மயங்கித்தானே கிடந்தேன்?

சந்தோஷம் பொய்யில்லை என்று ஒப்புக்கொண்டேன். பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினாலும் சந்தோஷம்தான், அதற்கு நாங்கள் மார்க் போடுவதில்லை. வெள்ளை வண்டி கரகரத்தால் அது என்னிடம் ஒரு விஷயம் சொல்கிறது: இதோ தெம்பு இருக்கிறது, இதோ தீர்ந்துவிட்டது, கியரை மாற்று, காலை எடு. நான் சொன்னதை அது கேட்கிறது, அது சொன்னதை நான் கேட்கிறேன். ஓட்டுகிற சந்தோஷம் என்று நான் எழுதுவது அந்தப் பேச்சுவார்த்தையைத்தான். சிவப்பு வண்டி எனக்குப் பிடித்ததை மட்டும் சொன்னது. அதை நம்பி இன்று காலை எதிரே வருகிறவர்களின் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். அவ்வளவு மோசமான வண்டியாக இருந்தால் தன் பெண்டாட்டிக்கே அதைக் கொடுப்பாரா என்று கேட்டார். போன மாதம்தான் அதே வண்டியில் நீல நிறம் ஒன்றைத் தங்கைக்குக் கொடுத்திருந்தார். அண்ணன் ‘அதானே’ என்றான்.

“நீங்க ஏன் இதைப் பெரிசு பண்றீங்க? எங்க கடையில பசங்களுக்குச் சொல்லியே வெச்சிருக்கோம், ஓட்டிப் பாக்க வர்றவங்களைக் கண்ணாடி இறக்க விடாதீங்கன்னு. இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்ல,” என்றார் மாப்பிள்ளை.

தங்கை மூலை மேஜையில் பக்கங்களோடு உட்கார்ந்திருந்தாள். அவள் பென்சில் நின்றதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

அண்ணன் சமாதானத்துக்கு வந்தான். பத்து இருக்கட்டும், முதல் இடம் இருக்கட்டும், ஸ்பீக்கர் விஷயத்தை அடுத்த மாதம் தனிக் கட்டுரையாகப் பொதுவாக எழுதிக்கொள்ளலாம் என்றான். முடியாது என்றேன். அப்படியானால் கட்டுரையை அவனே எழுதி என் பெயரைப் போட்டுக்கொள்வதாகச் சொன்னான்.

“என் பேரைப் போட்டா நான் எழுதினதைப் போடு. இல்லன்னா பேரை எடுத்துடு. ரெண்டுல ஒண்ணு.”

“எடுத்துட்டா அடுத்த மாசம் ஓட்டவும் வேற ஆளைத்தான் பாக்கணும்.”

“பாத்துக்கோ.”

சொல்லிவிட்டேனே தவிர, காலுக்குக் கீழே தரை இல்லை. பத்தொன்பது வருடம். எனக்கு வேறு என்ன தெரியும்? இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது அந்த ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். ஆனால் பொய்யை எழுதிவிட்டு அதில் உட்கார்ந்திருப்பதற்கு, இறங்கி நடப்பதே மேல். ஆத்திரத்தில் சொல்லவில்லை, தெரிந்தேதான் சொன்னேன்.

அப்பா எழுந்தார். நேராக அண்ணனின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய் நின்றார்.

“பத்து அப்படியே இருக்கட்டும்,” என்றார்.

மாப்பிள்ளையின் முகம் மலர்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பெட்டியில போட்டது போட்டதுதான். பத்து இருக்கணும், அதுக்கு மேல ஒரு கோடு போடு. அடிச்சது எல்லாருக்கும் தெரியணும். கூட்டல்ல அதைச் சேக்காதே. நான் மார்க் போட்டது என்ஜினுக்கு, ஸ்பீக்கருக்கு இல்ல. அவ எழுதினதுல ஒரு வார்த்தை தொடாதே. கீழே என் பேர்ல நான் சொல்றதைப் போடு.”

அண்ணன் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது. மாப்பிள்ளை, பேனர் என்ன ஆவது, நாளைக்கு நாலு பேர் முன்னால் தன் மானம் என்ன ஆவது என்று கேட்டார். அப்பா மரியாதை குறையாமல்தான் பதில் சொன்னார். பேனரில் இருக்கிற படம் தன்னுடையது, தன்னைக் கேட்டு அச்சடிக்கவில்லை, நாளைக்கு அது ஏறினால் தானே ஏணி வைத்து இறக்குவேன் என்றார். முழங்கால் வலியில் மாடிப்படியையே நின்று நின்று ஏறுகிறவர் சொன்னார்.

பிறகு வரிகளைச் சொன்னார். அண்ணன் தட்டினான்.

‘இந்த மதிப்பெண்ணைக் கொடுத்தவன் ஏமாந்துபோனான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டான். நீங்கள் இறக்கிவிட்டுக் கேளுங்கள்.’

*

ஐந்தே முக்கால் ஆனபோது பக்கம் ஆபீஸ் பிரிண்டரிலிருந்து வந்தது. ஆறு மணிக்கு அச்சகத்து ஆள் வந்துவிடுவார். வெள்ளை வண்டி இருபத்தைந்தோடு முதலில், சாம்பல் அடுத்து, சிவப்பு அடித்த பத்தோடு கடைசியில். பிழை பார்த்தவரின் கையெழுத்து ஓரத்தில் இல்லாமல் எங்கள் அச்சகம் எந்தப் பக்கத்தையும் வாங்காது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு பெரிய தப்பு அச்சேறிப்போன பிறகு வந்த ஏற்பாடு. ஆக, பக்கம் தங்கையிடம் போயிற்று.

மாப்பிள்ளைக்கு இந்த ஏற்பாடு தெரியும்.

“நீ கையெழுத்துப் போடாதே,” என்றார். குரலை உயர்த்தவில்லை. “நாளைக்கு என் கடைத் திறப்பு. என் பக்கம் நிக்கிறியா, இந்தப் பக்கம் நிக்கிறியா, யோசிச்சுக்கோ.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் போட்ட சண்டை சுற்றிச் சுற்றி இவள் தலையில் வந்து விடிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாரிடமும் குரல் உயர்த்தாதவள் இவள். சின்ன வயதில் நான் கொடுக்க வேண்டிய அடியையெல்லாம் கொடுத்து, வாங்க வேண்டிய திட்டையெல்லாம் இவளை வாங்க வைத்தேன். இப்போதும் அதைத்தான் செய்திருக்கிறேன். எனக்கு என் பெயர் முக்கியம். ஆனால் அதற்காக இவள் குடும்பத்தைப் பந்தயம் வைக்க நான் யார்?

“வேணாம்டி, கொடு. நான் பேரை எடுத்துக்கறேன், அண்ணன் இஷ்டப்படி போட்டுக்கட்டும்,” என்று கையை நீட்டினேன். இன்று முழுக்க நான் பின்வாங்கிய ஒரே இடம் அது.

அவள் பக்கத்தைத் தரவில்லை. பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே படித்தாள். ஒரு இடத்தில் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சேர்த்தாள். மலைப்பாதை வருகிற பத்தியை இரண்டு தரம் படித்தாள். பிறகு நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

“எனக்கும் அதேதானே சொன்னீங்க? ஏசி வீணாப் போகும், கண்ணாடியை இறக்காதேன்னு.”

“வண்டி நல்ல வண்டிதான். உனக்கு ஏதாவது ஆச்சா?”

“அக்கா போன அதே மலைப்பாதையிலதாங்க நான் தினமும் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன். காலைல ஏழரைக்கு. போன வாரம் நானும் ஒரு லாரியை முந்தினேன், பின்னாடி ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. நூலிழையில தப்பிச்சேன். எனக்கு ஓட்டத் தெரியலன்னு நினைச்சுக்கிட்டு யார்கிட்டேயும் சொல்லல. உங்ககிட்டகூட.”

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். யாரும் அவருக்குக் கை கொடுக்கவில்லை.

“தெரிஞ்சுதான் கொடுத்தீங்களா?” என்று கேட்டாள்.

எந்த வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற மனிதர். வண்டிச் சாவியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

தங்கை பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். பக்கத்தின் ஓரத்தில், எப்போதும் போடுகிற இடத்தில், எப்போதும் போடுவதைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள். என்னிடம் தரவில்லை. அண்ணனிடம் நீட்டினாள். அவன் எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

“கிளம்பு, வீட்ல போய்ப் பேசிக்கலாம்,” என்றார் மாப்பிள்ளை.

“நீங்க போங்க. எனக்கு இன்னும் ஆறு பக்கம் இருக்கு.”

அவர் போகவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்து, அவள் மேஜைக்கு எதிரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“படி. நீ முடிக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கேன்.”

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த பக்கத்தை எடுத்து, முதல் வரியில் பென்சிலை வைத்தாள்.